சர்வர் முழிக்கலையா? கேளுங்கள்!

கும்பகோணம் வாசகர்: சர்வர் என்றால் எனக்கு ஓட்டல் சர்வர்தான் ஞாபகம் வருகிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

வேலை ஒன்றுதான். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. 1964-ல் 'சர்வர் சுந்தரம்' நாகேஷ் கொண்டுவந்தது டிபன், காபி. இந்த சர்வர் கொண்டுவருவது படம், பாட்டு, பேங்க் பாக்கி. தமிழில் 'வழங்கி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது வழங்காமல் படுத்துக்கொள்ளும் நாளில்தான் எனக்குக் கடிதம் வருகிறது.

ஓசூர், புதிதாகச் சேர்ந்த சிஸ்டம் அட்மின்: காலையில் வந்து பார்த்தால் சர்வர் எழுந்திருக்கவில்லை. முதலில் என்ன செய்யணும்?

கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் வேலை. விளக்கு எரிகிறதா, விசிறி சுற்றுகிறதா, திரையில் கடைசி வரி என்ன? அந்த வரியை செல்போனில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் தொடுங்கள்.

எடுத்தவுடன் ரீபூட் அடித்தால் அந்த வரி போய்விடும். சாட்சியை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு வழக்கு நடத்த முடியாது, தம்பி.

திருநெல்வேலி வாசகி: 'பூட்' என்கிறார்களே, கால் பூட்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு?

நெருங்கிய உறவு. பூட்ஸின் பின்பக்கம் பிடித்து இழுத்து மாட்ட ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று இங்கிலீஷில் ஒரு பேச்சு உண்டு. கம்ப்யூட்டரின் பாடும் அதுவே. டிஸ்கில் இருக்கும் ப்ரோகிராமை ஏற்ற இன்னொரு ப்ரோகிராம் வேண்டும். அதை ஏற்ற யார்?

அதற்காக சிப்பிலேயே குட்டியாக ஒன்றை எழுதி வைத்தார்கள். குட்டி பெரியதை எழுப்பும். பெரியது இன்னும் பெரியதை எழுப்பும். பழைய பயாஸ் முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்தான் எழுப்பும் இடம். அதிலும் பார்ட்டிஷன் கணக்கு போக, நிஜமான வேலைக்கு மிஞ்சியது 446 பைட். நீங்கள் இப்போது படித்து முடித்த பதில் அதற்குள் அடங்காது.

ஈரோடு, ஜவுளிக்கடை கணக்கர்: பட்டனை அமுக்கினால் ஒன்றுமே இல்லை. விளக்குகூட எரியவில்லை.

பவர் கார்டை இரண்டு முனையிலும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். "மாட்டித்தான் இருக்கு சார்" என்று எட்டிப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது. பிறகு அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் ஃபேனைச் செருகுங்கள். ஃபேன் ஓடினால் குற்றவாளி பெட்டிக்குள். ஓடாவிட்டால் குற்றவாளி சுவருக்குள். சுவருக்கு எலக்ட்ரீஷியன்.

மதுரை வாசகர்: ஆன் செய்ததும் 'பீப்' என்கிறது. கெட்ட சகுனமா?

ஒரே ஒரு குட்டி பீப் என்றால் நல்ல சகுனம். பிறந்த குழந்தை ஒரு தரம் வீறிட்டால் டாக்டர் சிரிப்பார் இல்லையா, அதுபோல. 1981-ல் வந்த ஐபிஎம் பீசியிலேயே அந்தப் பழக்கம் இருந்தது. தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்றால் ஒரு குட்டி பீப்.

நீளமாகவோ விட்டுவிட்டோ வந்தால் எண்ணுங்கள். எத்தனை நீளம், எத்தனை குட்டை? கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். உங்கள் மதர்போர்டின் கையேட்டில் அட்டவணை இருக்கும். கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் மாடல் நம்பரைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம்.

அதே மதுரை வாசகரின் தம்பி: எண்ணினோம். 'ராம் கோளாறு' என்கிறது அட்டவணை. புதுசு வாங்கவா?

பத்து நிமிடம் பொறுங்கள். கரண்டை முழுக்கப் பிடுங்குங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ராம் பட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் காதுகளை விரித்தால் பட்டை எழும்பி வரும். அடியில் தங்க நிறத்தில் ஒரு பல்வரிசை தெரியும். ஈரக்காற்று ஊரில் அந்தப் பல்லில் மங்கலாக ஒரு படலம் படிந்திருக்கும்.

பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பரால் மெதுவாக இரண்டு இழுப்பு. தூளை வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். உலர்ந்த துணி போதும். திருப்பிச் செருகும்போது வலது காது 'க்ளிக்', இடது காது 'க்ளிக்'. இரண்டு க்ளிக்கும் கேட்க வேண்டும். ஒரே க்ளிக்கில் எழுந்து வந்தவர்கள் 'ராம் போச்சு' என்று நல்ல ராமைக் குப்பையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கடலூர் வாசகர்: ஒவ்வொரு தரம் கரண்ட் போய் வந்தாலும் என் சர்வர் பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. தேதி தப்பு, சர்ட்டிஃபிகேட் எர்ரர், ஒரே ரகளை.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி மின்னும். பெயர் சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: அகலம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அதன் ஆயுசு முடிந்துவிட்டது. வாட்ச் கடையில் கிடைக்கும். மாற்றிவிட்டு பயாஸில் தேதியைத் திருத்துங்கள். லட்ச ரூபாய் இயந்திரம் ஒரு டிபன் காசில் குணமாகும்.

சேலம் வாசகி: உங்களையே திணற வைத்த சர்வர் உண்டா?

உண்டு. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. ஆபீஸ் சர்வர் காலையில் எழும். பதினோரு மணிக்கு விழும். பொழுது சாயும் வரை எழாது. மூன்று நாள் லாக் படித்தேன். ஒவ்வொரு நாளும் லாக் பாதி வரியில் அறுந்திருந்தது. புலம்பல் இல்லை, எர்ரர் இல்லை, பேச்சுக்கு நடுவில் கழுத்தைப் பிடித்ததுபோல.

அந்த மௌனம்தான் துப்பு. சாஃப்ட்வேர் சாகும்போது பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிட்டுச் சாகும். சொல்லாமல் செத்தால் முதல் சந்தேகம் கரண்ட். பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தால் விசிறிக்குப் பின்னால் குட்டித் தலையணை மாதிரி பஞ்சு. வெயில் ஏற ஏற மூச்சு முட்டி, சூடு தாங்காமல் அது தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் அறை குளிர்ந்ததும் மறுபடி உயிர்.

பெயிண்ட் பிரஷால் சுத்தம் செய்தேன். கைநிறைய வந்ததை ஒரு தட்டில் வைத்து மேனேஜர் மேஜைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் இழுத்துப் பார்த்து, "நல்ல இழை நீளம்" என்றார்.

விருதுநகர் வாசகர்: அப்படியானால் சர்வர் அறை எத்தனை குளிராக இருக்கணும்? ஸ்வெட்டர் போட்டுத்தான் போகணுமா?

வேண்டாம். உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட பரிந்துரை 18 முதல் 27 டிகிரி வரை. 16-ல் வைத்தால் உங்கள் மின்கட்டணம்தான் நடுங்கும்.

தாம்பரம், இரவுப்பணி ஊழியர்: "லாக் பாரு, லாக் பாரு" என்கிறீர்கள். பார்த்தால் ஆயிரம் வரி ஓடுகிறது. எதைப் படிப்பது?

எல்லாரும் கடைசி வரியைப் படிக்கிறார்கள். கடைசி எர்ரர் என்பது அழுகிற குழந்தை. அடித்தது யார் என்பது இருபது வரி மேலே இருக்கும். மேலே போய்க்கொண்டே இருங்கள். முதன்முதலில் 'ஃபெயில்டு' என்று வந்த இடத்தில் நில்லுங்கள். கீழே இருப்பதில் முக்கால்வாசி அதன் எதிரொலி.

லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் என்று அடித்து, மைனஸ் பி, இடம் விட்டு மைனஸ் 1 போட்டால் போன தடவை பூட் ஆனபோது நடந்தது வரும். ஜர்னல் டிஸ்கில் சேமிக்கப்படுகிறதா என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். சில இடங்களில் அது நினைவகத்தில் மட்டும் இருக்கும். அணைந்தால் சாட்சியும் சேர்ந்து அணையும்.

திருச்சி வாசகர்: நான் எதையுமே மாற்றவில்லை. சத்தியமாக! ரீபூட் செய்தேன், வரவில்லை.

நம்புகிறேன். நீங்கள் மாற்றியிருக்க வேண்டியதில்லை. மாற்றியவர் வேலையை விட்டே போயிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், கிளம்பும்போது படித்த கன்ஃபிகை மனதில் வைத்துக்கொண்டே ஓடும். ஆறு மாசத்துக்கு முன் ஒருவர் ஃபைலில் கை வைத்திருப்பார். அதை சர்வர் முதன்முதலாகப் படிப்பது நீங்கள் ரீபூட் செய்த அன்றுதான். வெடி அவர் வைத்தது, திரி உங்கள் கையில்.

திருச்சிக்காரருக்கு எதிர்க்கட்சி, வேலூர்: எங்கள் சர்வர் 400 நாளாக ரீபூட்டே ஆகவில்லை. பெருமையாக இருக்கிறது!

எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 400 நாளாக அது எழுந்திருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை என்றும் அதைப் படிக்கலாம். நடுவில் வந்த கெர்னல் பாதுகாப்பு அப்டேட்டெல்லாம் பெரும்பாலும் வாசலிலேயே நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாருக்கும் சொல்லிவிட்டு, பேக்கப் எடுத்துவிட்டு, நீங்களாக ரீபூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் மின்வாரியம் செய்யும், அது நாள் பார்க்காது.

காஞ்சிபுரம் வாசகர்: வெப் சர்வர் கிளம்ப மாட்டேன் என்கிறது. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்கிறது. யார் என் அட்ரஸில்?

போர்ட் என்பது பஸ் சீட். உங்கள் சர்வர் 80-ம் நம்பர் சீட்டுக்கு வந்திருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் அது அதே சர்வரின் பழைய பிரதி, சாகாமல் பாதி உயிரோடு. இல்லையென்றால் அப்பாச்சி இருக்கும் வீட்டில் என்ஜின்எக்ஸையும் குடிவைத்திருப்பீர்கள். எஸ்எஸ் கட்டளை யார் என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

சில நேரம் ஆளே இருக்க மாட்டார், சீட்டில் துண்டு மட்டும் இருக்கும். பழைய இணைப்பு முழுக்க விடைபெறும் வரை கெர்னல் போட்டு வைத்த துண்டு அது. ஒரு நிமிடத்தில் தானே எடுத்துவிடும். நன்றாக எழுதிய சர்வர் ப்ரோகிராம் துண்டைத் தள்ளிவிட்டு உட்காரத் தெரிந்திருக்கும்.

புதுச்சேரி மாணவர்: 8080-ல் ஓடுகிற என் ப்ரோகிராம் 80-ல் ஓட மறுக்கிறது. ஏன்?

லினக்ஸில் 1024-க்குக் கீழே இருப்பதெல்லாம் முன்வரிசை. ரூட் அனுமதிச் சீட்டு வேண்டும். முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி, பின்னால் நீங்கள் 8080-லேயே உட்காருங்கள். மாப்பிள்ளைத் தோழன் பார்த்துக்கொள்வான்.

திருப்பூர் வாசகர்: 'பர்மிஷன் டினைட்' வந்தது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்தேன். இப்போது எஸ்எஸ்எச் சர்வரே எழவில்லை. என்ன கொடுமை!

கொடுமை இல்லை, நேர்மை. எஸ்எஸ்எச் சர்வர் கிளம்பும்போது தன் ரகசியச் சாவியை யார் யாரெல்லாம் படிக்கலாம் என்று பார்க்கும். ஊரே படிக்கலாம் என்றால், "இந்தச் சாவி செல்லாது" என்று ஒதுக்கிவிடும். சாவியே இல்லாத பூட்டுக்கடை எதற்குத் திறக்கணும்? மூடிவிட்டுப் போய்விடும்.

சாவி ஃபைல்களுக்கு 600, உரிமையாளர் ரூட். முதலில் வந்த 'டினைட்'டுக்குக் காரணம் அந்த ஃபைலாக இருக்காமல், அதற்கு மேலே உள்ள ஃபோல்டராகவும் இருக்கலாம். மாடி அறைச் சாவி கையில் இருந்தாலும் மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? படிப்படியாக மேலே இருந்து பாருங்கள்.

நாமக்கல் வாசகர்: யாம்ல் கன்ஃபிக் ஃபைல் பார்க்க அச்சுக் கோத்ததுபோல் இருக்கிறது. ஆனாலும் எர்ரர்.

டேப் அடித்திருக்கிறீர்கள். யாம்லுக்கு உள்தள்ள ஸ்பேஸ் மட்டும்தான் ஆகும்.

ஆவடி வாசகி: என்ஜின்எக்ஸ் கன்ஃபிகில் ஒரு செமிகோலன் விட்டுப்போனதால் தளம் இருபது நிமிடம் கீழே கிடந்தது. திட்டு வாங்கினேன்.

அடுத்த முறை ரீஸ்டார்ட் அடிப்பதற்கு முன் மைனஸ் டி போட்டு ஒரு தரம் ஓட்டுங்கள். ஃபைலைப் படித்து, எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடும். ஓடுகிற சர்வரைத் தொடாது. சரி என்று சொன்ன பிறகும் ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். கன்ஃபிக் தப்பாக இருந்தால் பழையதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உங்களைத் திட்டியவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்.

தஞ்சாவூர் வாசகர்: ஒரு பழைய டிஸ்கைக் கழற்றினேன். சர்வர் ஒன்றரை நிமிடம் யோசித்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்' என்கிறது. அவசரம் எதுவும் இல்லையே?

எஃப்எஸ்டேப் என்கிற விருந்தினர் பட்டியலில் அந்த டிஸ்கின் பெயர் இன்னும் இருக்கிறது. 90 விநாடி வாசலைப் பார்த்துவிட்டு, "அவர் வராமல் பந்தி கிடையாது" என்று, லினக்ஸை எழுப்பும் சிஸ்டம்டி இலையை மடக்கிவிட்டது. ரூட் கடவுச்சொல்லோடு உள்ளே போய் அந்த வரியை எடுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்கிற டிஸ்குகளுக்கு 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். பெயரைப் பொறுத்தவரை, டிஸ்கை எஸ்டிபி, எஸ்டிசி என்று குறிக்காதீர்கள். கேபிளை மாற்றினால் பெயர் மாறும். யூயூஐடி என்கிற அடையாள எண் மாறாது.

நாகப்பட்டினம் வாசகர்: டேட்டாபேஸ் கிளம்பவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறார்கள். இடம் இல்லாததற்கும் எழாததற்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய்க் கிரகத்தில் கேளுங்கள். நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரி 4-ல் அங்கே இறங்கியது. 21-ம் தேதி பேச்சை நிறுத்தியது. பிறகு தெரிந்தது: எழுகிறது, விழுகிறது, எழுகிறது, விழுகிறது. அறுபது தடவைக்கு மேல். இரவில் தூங்கவேண்டிய இயந்திரம் தூங்காமல் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது.

ஃப்ளாஷ் நினைவகத்தில் ஃபைல்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொரு முறை எழும்போதும் அத்தனை ஃபைல்களின் பட்டியலையும் ராமில் ஏற்றப் பார்த்தது, ராம் போதவில்லை, விழுந்தது. எழுந்ததும் மறுபடி அதே பட்டியல்.

பூமியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? "ஃப்ளாஷைத் தொடாமல் எழுந்திரு" என்று கட்டளை அனுப்பினார்கள். எழுந்தது. ஃபைல்களை நீக்கினார்கள், ஃபார்மட் செய்தார்கள். 90 நாள் வேலைக்கு அனுப்பிய ஊர்தி 2010 வரை பேசியது. உங்கள் சர்வர் நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. ரெஸ்க்யூ மோடில் எழுப்பி, பழைய லாக்குகளை நீக்குங்கள். டேட்டாபேஸின் சொந்த ஃபைல்களை மட்டும் தொடாதீர்கள். பெயரில் 'லாக்' என்று இருந்தாலும் அவை உயிர்நாடி.

நாகர்கோவில் வாசகர்: எனக்கு டிஸ்கில் பாதி காலி. ஆனாலும் 'இடமில்லை' என்கிறது!

சாப்பாடு இருக்கிறது, டோக்கன் தீர்ந்துபோச்சு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் என்று ஒரு டோக்கன் வேண்டும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் சேர்ந்தால் இடம் இருக்கும்போதே டோக்கன் முடியும். டிஎஃப் கட்டளையோடு மைனஸ் ஐ சேர்த்துப் பாருங்கள். பிறகு பழைய செஷன் ஃபைல்களைக் கூட்டிப் பெருக்குங்கள்.

பெரம்பூர் வாசகர்: மைஎஸ்க்யூஎல் இருபது நிமிடமாக 'ஸ்டார்ட்டிங்' என்றே நிற்கிறது. கொன்றுவிட்டு மறுபடி எழுப்பவா?

வேண்டாம், வேண்டாம். கரண்ட் போனபோது பாதியில் நின்ற கணக்குகளை அது ஒவ்வொன்றாக நேர் செய்துகொண்டிருக்கிறது. எர்ரர் லாக்கைத் திறந்து வைத்துப் பாருங்கள். எண்கள் நகர்ந்தால் வேலை நடக்கிறது. கொன்றால் மறுபடி முதலிலிருந்து. குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும்போது மூடியைத் திறக்க யாராவது போவார்களா?

சோழிங்கநல்லூர், டெவலப்பர்: கன்டெய்னர் எழுந்ததும் செத்துப்போகிறது. எக்ஸிட் கோட் 137. யார் வைத்த நம்பர் இது?

137-லிருந்து 128-ஐக் கழியுங்கள். 9. யூனிக்ஸில் 9-ம் நம்பர் சிக்னல் என்றால் மறுபேச்சு இல்லாத கொலை. பெரும்பாலும் கொன்றது கெர்னல். காரணம் நினைவகப் பசி. பிரேதப் பரிசோதனை அறிக்கை டிமெசேஜ் கட்டளையில் கிடைக்கும். ஒதுக்கிய 512 எம்பியில் ஜாவாவை உட்காரச் சொன்னீர்களா? யானையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஆட்டோவைக் குறை சொல்லக்கூடாது.

மயிலாப்பூர் வாசகர்: ஒரே நாளில் அதிகக் கம்ப்யூட்டர் எழாமல் போனது எப்போது?

அண்மையில் கண்ட மாபெரும் படுக்கை 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான ஃபைல். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் ரத்தாயின, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

தவறான ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் படுத்துவிட்ட இயந்திரத்துக்கு மருந்தை அனுப்ப முடியவில்லை. மருந்தை வாங்க அது எழுந்திருக்க வேண்டுமே! ஆள் நேரில் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு ஃபைலை நீக்கவேண்டியதாயிற்று. டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவி வேறு. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் படுத்திருந்தது. உங்கள் மீட்புச் சாவியை இன்றைக்கே காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: நாங்கள் கிளவுடுக்குப் போய்விட்டோம். இனி இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம்தானே?

கிளவுட் என்பது இன்னொருவருடைய கட்டடம். 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தே போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பேக்கப் வேறு ஊரில் இருக்கட்டும். படித்துக்கொண்டே இருங்கள்.

பாளையங்கோட்டை வாசகி: ரெய்டு போட்டிருக்கிறோம். பேக்கப் எதற்கு?

ஒன்றையே இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்கள் தவறாக நீக்கினால், இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் விசுவாசமாக நீக்கும்.

அம்பத்தூர் வாசகர்: பேக்கப் தினமும் எடுக்கிறோம். நிம்மதியாகத் தூங்கலாமா?

ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா? 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போன ஓர் இன்ஜினீயர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை நீக்கிவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5. ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடு இருந்தது; நம்பி எடுக்க ஒன்றும் ஒழுங்காக இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது.

அவர்கள் ஒளிக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நடந்ததை வரிவரியாக எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மாம்பலம், ஒரு சிஸ்டம் அட்மினின் மனைவி: ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வருகிறது. இவர் எழுந்து ஓடுகிறார். மறுநாளும் ஒன்பது மணிக்கு ஆபீஸ். இது நியாயமா?

நியாயமே இல்லை. முந்தின பதிலைப் படித்தீர்களா? களைத்த கை நல்ல சர்வரையும் சேர்த்துப் படுக்கவைக்கும். இரவில் எழுந்தவருக்கு மறுநாள் பாதி விடுப்பு, இரண்டு பேருக்காவது முறை வைத்துப் பணி, கட்டளையை அடிக்குமுன் இன்னொருவர் கண்ணால் பார்ப்பது: இந்த மூன்றையும் அவர் மேலாளரிடம் கேட்கட்டும். கேட்கத் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புங்கள்.

கிண்டி, ஒரு மேலாளர்: சர்வர் விழுந்தால் 'எத்தனை நிமிடத்தில் சரியாகும்' என்று கேட்கிறேன். யாரும் பதில் சொல்வதில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் கேட்பதால்தான். ஒரே ஒருவரை உங்களுக்குத் தகவல் சொல்ல நிறுத்துங்கள். மற்றவர்களை வேலை செய்ய விடுங்கள்.

ராயபுரம் வாசகர்: சர்வரை அணையாமல் காக்க யாராவது உயிரைக் கொடுத்து உழைத்ததுண்டா?

2012 அக்டோபர், நியூயார்க், சாண்டி புயல். மன்ஹாட்டன் பிராட் தெருவில் ஒரு கட்டடம். ஜெனரேட்டர் மேலே, டீசலை ஏற்றும் பம்ப் அடித்தளத்தில். கடல் நீர் அடித்தளத்துக்குள் புகுந்தது. ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் வாளி வாளியாக டீசலைப் பதினேழு மாடி சுமந்தார்கள். இருட்டில், படிக்கட்டில், இரவு பகலாக. சர்வர் அணையவில்லை.

சென்னைக்காரர்களே, உங்கள் ஜெனரேட்டரும் பம்பும் எந்த மாடியில்?

பரமக்குடி வாசகர்: ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைக்கலாமா?

தாராளமாக. ரேக்கின் கதவில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. காற்று இழுக்கும் முன்பக்க வலையில் விபூதி வேண்டாம், உள்ளே போய்விடும். கற்பூரம் வாசலுக்கு வெளியே. அறைக்குள் புகை உணரும் கருவி இருக்கிறது, அதற்குப் பக்தி தெரியாது. பூஜைக்கு முந்தின நாள் விசிறிகளைத் தூசு தட்டினீர்களா? அதுதான் சர்வருக்கு நைவேத்யம்.

யாழ்ப்பாணம், கல்லூரி மாணவி: உண்மையான சர்வரில் கை வைக்கப் பயம். பழகுவது எப்படி?

பழுதாக்கிப் பழகுங்கள், பிள்ளை. மடிக்கணினியில் விர்ச்சுவல் மெஷின் ஒன்று, அதற்கு ஒரு ஸ்னாப்ஷாட். பிறகு எஃப்எஸ்டேப்பில் இல்லாத டிஸ்கை எழுதுங்கள். டிஸ்கை நிரப்புங்கள். லினக்ஸை ஏற்றும் குட்டி ப்ரோகிராமான கிரப்பை அழியுங்கள். எழவில்லையா? எழுப்புங்கள். முடியவில்லையா? ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். நாற்பது முறை விழவைத்துத் தூக்கியவருக்கு நாற்பத்தோராவது விழுதல் பழைய சிநேகிதி.

உடுமலை வாசகர்: 'பக்' என்கிறார்களே, நிஜமாகவே பூச்சியா?

ஒருமுறை நிஜப் பூச்சி. 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் 2 கணினி. 70-ம் நம்பர் ரிலேயில் ஒரு விட்டில். எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் எழுதி வைத்தார்கள். ஆனால் கோளாறை 'பக்' என்பது அதைவிடப் பழசு. 1878-லேயே எடிசன் அப்படி எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு. லாக் எழுதினால் அப்படி எழுத வேண்டும்!

ஆம்பூர் வாசகர்: உலகின் முதல் வெப் சர்வர் எழாமல் போனதுண்டா?

போகக்கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீக்குக் கவலை இருந்தது. செர்ன் ஆய்வகத்தில் தன் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதினார். வையவிரிவு வலையின் முதல் பாதுகாப்பு ஏற்பாடு ஒரு துண்டுக் காகிதம். உங்கள் யூபிஎஸ் ஸ்விட்சிலும் ஒன்று ஒட்டுங்கள். கூட்டிப் பெருக்க வருபவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில்.

ராசிபுரம் வாசகர்: 2038-ல் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடுமாமே?

எல்லாம் இல்லை. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய யூனிக்ஸ் வகைகள் மட்டும். 1970-லிருந்து விநாடி எண்ணுகின்றன. 214,74,83,647-க்கு மேல் எண்ண இடமில்லை. நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய், காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. எமகண்டம் தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும். 64 பிட்டுக்கு மாறியவர்களுக்கு இரண்டுமே பாதிப்பில்லை.

ஊட்டி வாசகர்: கைக்கு எட்டாத சர்வரைச் சரிசெய்ததில் சிறந்தது எது?

வாயேஜர் 1. 1977-ல் கிளம்பியது. 2023 நவம்பரில் அர்த்தமில்லாமல் உளற ஆரம்பித்தது. தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22. உன் நினைவகம் முழுவதையும் அனுப்பு என்று கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்தார்கள். ஒரே ஒரு சிப் செத்திருந்தது. அதிலிருந்த ப்ரோகிராமைத் துண்டு துண்டாக்கி மற்ற இடங்களில் ஒளித்து வைத்தார்கள். 2024 ஏப்ரல் 20-ல் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொன்னது.

முதலில் லாக்கைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா?

ஓசூர், அதே சிஸ்டம் அட்மின்: நீங்கள் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்தேன். கடைசி வரி: 'நோ பூட்டபிள் டிவைஸ்'. டிஸ்க் போய்விட்டதா? கை நடுங்குகிறது.

நடுங்க வேண்டாம். பெட்டியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். யாராவது பென் டிரைவ் செருகிவிட்டு மறந்திருக்கிறார்களா? பூட் வரிசையில் யூஎஸ்பிக்கு முதல் மரியாதை கொடுத்திருந்தால், சர்வர் அதைத்தான் முதலில் தட்டும். உள்ளே ஒன்றும் கிடைக்காமல் சில இயந்திரங்கள் அங்கேயே நின்றுவிடும். உருவிவிட்டு பட்டனை அமுக்குங்கள்.

எழுந்ததும் பயாஸில் டிஸ்கை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டு, அந்த பென் டிரைவில் யாருடைய பாட்டு இருந்தது என்று எழுதுங்கள்.